இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தியவள்

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஆறு மணிக்குப் பிறகு வீதியில் நிற்கக் கூடாது என்று எங்கள் பகுதியில் முடிவு செய்தவர்கள் எல்லோருமே ஊரடங்குச் சட்டத்துக்குள் வளர்ந்தவர்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அந்த வயதில் எங்களுக்கு ஆறு மணி என்றால் படலையைப் பூட்டு, விளக்கைக் குறை, வாயை மூடு. அப்படி எங்களை அடைத்து வைத்தவர்களை வாழ்நாள் முழுவதும் திட்டினோம். பிறகு எங்கள் கைக்கு ஒரு சின்ன அதிகாரம் வந்ததும் முதல் வேலையாக அதையே செய்தோம். இதைச் சொன்னால் என்னோடு கோபிக்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோபிக்கட்டும்.

பயம் பொய்யில்லை. மோட்டார் சைக்கிளில் வாளோடு திரிகிறார்கள், பள்ளிக்கூடப் பைக்குள் போதைப்பொருள் வந்துவிட்டது என்று கோப்பாய்ப் பக்கத்தில் கதைக்காத வீடு இல்லை. கோயில் சபைக்காரர், எங்கள் தேவாலயத்துப் போதகர், விளையாட்டுக் கழகத்தார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் என எல்லோரும் கூடி ஒரு விழிப்புக் குழு அமைத்தார்கள். சைவக்காரரும் வேதக்காரரான எங்கள் கிறிஸ்தவர்களும் ஒரே மேசையில் இருந்து ஒரே முடிவுக்கு வந்த அதிசயத்தை அன்றுதான் பார்த்தேன். ஆறு மணிக்குப் பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டுமே பிள்ளை வெளியே வரலாம். ரியூசன் வகுப்புகள் ஐந்தரைக்கு முடிய வேண்டும். சந்திகளில் தொண்டர்கள் நின்று, தனியே வரும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஆறு மாதம் பரிசோதனையாக நடத்திவிட்டு, பலனைப் பார்த்து நிரந்தரமாக்குவது என்று ஏற்பாடு.

பலனைப் பார்க்கத்தான் என்னிடம் வந்தார்கள். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கிறேன். குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற அதிபர் என் வீட்டு முன்னறையில் இருந்து, தேநீரை ஆற்றியபடி சொன்னார்:

"எங்களுக்கு ஒரு ஆராய்ச்சி வேணும், மிஸ். ஆராய்ச்சி எண்டு ஒண்டு இருந்தால் பிறகு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்."

அந்த ஒரு வசனத்திலேயே நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த விதி முட்டாள்தனமானது என்று தரவுகளோடு நிரூபித்து அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஒப்புக்கொண்டேன். எனக்கு என் தொழிலில் அவ்வளவு திமிர்.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துத் தனியே கேள்வி கேட்க முடியாது. கேள்வி பிள்ளைக்குப் போகும், பதில் தாயிடமிருந்து வரும், நடுவில் ஒரு தட்டு வடை வரும். அதனால் பத்தாம், பதினோராம் ஆண்டு மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தே, பெயர் போடாமல், தாங்களாக நிரப்பும் படிவம் ஒன்றைத் தயாரித்தேன். படிவத்தில் ஒரு இலக்கம் மட்டும் இருக்கும். எந்த இலக்கம் எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வகுப்பு வகுப்பாகப் போய் நானே அந்த வாக்கைக் கொடுத்தேன். "நீங்கள் என்ன எழுதினாலும் எழுதினது ஆர் எண்டு கண்டுபிடிக்க ஏலாது. பயப்பிடாமல் எழுதுங்கோ."

ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் கேள்வி கேட்பதற்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். முறைப்படி சம்மதத் தாள் முதலில் தனியாக வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதன் பிறகுதான் வினாக்கொத்து. பரீட்சைக் காலம் நெருங்கியதால் பள்ளிக்கூடங்கள் எனக்கு ஒரேயொரு பாடவேளைதான் தந்தன. இரண்டு முறை போய்வர வழியில்லை. அதனால் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சம்மதத் தாளை மேலேயும் வினாக்கொத்தைக் கீழேயும் வைத்து, இரண்டையும் ஸ்ரேப்ளரால் சேர்த்துக் குத்தினேன். பிள்ளை வகுப்பில் நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுபோய், மேல் தாளில் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கி, அடுத்த நாள் திருப்பித் தரும். என் அறையில் இருந்து, உள்ளங்கை சிவக்கும்வரை, அத்தனையையும் நானேதான் குத்தினேன். வேலை முடிந்ததும் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மேல் தாளில் கையெழுத்து வைக்கிற பெற்றோர் கீழ்த் தாளைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்று வேறு எந்த ஊர்க்காரர் நினைத்திருந்தாலும் மன்னிக்கலாம். நான் இந்த மண்ணில் பிறந்தவள். எங்கள் சனம் இத்தனை வருடங்களில் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு வீடு நிறையும். இடம்பெயர்ந்ததற்குப் பதிவு, நிவாரணத்துக்குப் பதிவு, திரும்பி வந்ததற்குப் பதிவு, காணாமல் போனவரைத் தேடுவதற்குப் பதிவு. ஒரு எழுத்து மாறியதால் நிவாரண அட்டையை இழந்த குடும்பம் என்னுடையது. கையெழுத்து வைப்பதற்கு முன்னர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை, பின்பக்கத்தையும் திருப்பி வாசிப்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போனது. என் தகப்பன் பேப்பர்க்காரனின் பற்றுச்சீட்டையே அப்படித்தான் வாசிப்பார். அதை மறந்துவிட்டுத்தான் நான் குத்தினேன்.

படிவங்கள் திரும்பி வந்தன. எல்லாமே ஒழுங்காக, மடிப்புக் கலையாமல் வந்தன. மாலையில் வீட்டில் இருப்பது பாதுகாப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் 'ஓம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருந்தார்கள். எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் தரவு தரவுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். குழுவினர் அவசரப்படுத்தினார்கள். 'ஓம்' கட்டத்துப் புள்ளடிகளை மட்டும் எண்ணி, 'பெரும்பாலான மாணவர்கள் மாலைக் கட்டுப்பாட்டின்கீழ் வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறார்கள்' என்று ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அனுப்பினேன். பிள்ளைகள் தங்கள் சொந்த வசனத்தில் எழுதும் பகுதியைக் கடைசியில், ஆறுதலாக வாசிப்பது என் வழக்கம்.

ஆறுதலாக வாசிக்க இருந்தபோதுதான் கவனித்தேன். பல படிவங்களில் 'இல்லை' என்று முதலில் போட்ட புள்ளடி வெட்டப்பட்டு, வேறு பேனையால் 'ஓம்' ஆகியிருந்தது. மேல் தாளில் கையெழுத்து வைத்த பேனை. ஒன்றை எடுத்தேன், அடுத்ததை எடுத்தேன், பிறகு கட்டுக்கட்டாகப் பிரித்தேன். என் ஆராய்ச்சியில் பிள்ளைகள் இருக்கவேயில்லை. பெற்றோர் தங்களுக்குத் தாங்களே சான்றிதழ் வழங்கியிருந்தார்கள்.

பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் கட்டுக்குள் ஒரு படிவம் கனமாக இருந்தது. 'ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்குக் கீழே, எழுத்தை அழிக்கிற வெள்ளை மையான ரிப்பெக்ஸ் தடிப்பாகப் பூசப்பட்டு, அதற்கு மேல் பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் 'சந்தோசமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது. தாளைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் பின்பக்கத்தில் எழுத்துகள் புடைத்து நின்றன. ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து அதில் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

'எனக்கு ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் இருக்கத்தான் பயம். பெரியப்பா குடித்துவிட்டு அடிப்பார். முந்தி ரியூசன் எட்டரை மணிவரை இருந்தது. அது முடிய அம்மா வேலையால் வந்து கூட்டிக்கொண்டு போவா. இப்போது அம்மா வரும்வரை அவரோடு நான் தனிய.'

நான் கேட்டதால் அந்தப் பிள்ளை எழுதினாள். நான் குத்தியதால் அது வீட்டுக்குப் போனது. யார் அதை வாசித்தார்கள், வாசித்த பிறகு என்ன நடந்தது என்று யோசித்தபடி அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று முழுவதும் நான் எதுவும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் சிறுவர் அலுவல்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் ஓடினேன். நல்ல மனிசி. மேசையில் கோப்புகள் அவருடைய தாடைவரை இருந்தன. படிவத்தை வாசித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் இல்லாமல் நான் எந்த வீட்டுக் கேற்றைத் தட்டுறது, மிஸ்?"

மேல் தாளில் இருந்தது வாசிக்க முடியாத கையெழுத்து ஒன்று மட்டுமே. எந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். அங்கே போய் எழுத்தை வைத்துத் தேடினால் ஒரு நாளில் ஆளைக் கண்டுபிடிக்கலாம். அதே ஒரு நாளில் முழுப் பள்ளிக்கூடத்துக்கும், பின்னேரத்துக்குள் ஊருக்கும், அவளுடைய கதை தெரிந்துவிடும். கதை பெரியப்பனின் காதுக்கும் போகும். அவளை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நான் கொடுத்த வாக்கு அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. இரண்டு முறை அந்தப் பள்ளிக்கூட வாசல்வரை போய், இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் நடந்தது. என் சுருக்கம் பிழையானது, அதைத் திரும்பப் பெறுகிறேன், பதில்களைப் பெற்றோர் திருத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதியதை அடையாளம் எதுவும் தெரியாதபடி வாசித்துக் காட்டினேன். பிறகு அதிபர் என் சுருக்கத்தை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, அதன் அடிக்குறிப்பைச் சத்தமாக வாசித்தார்.

"'தனியொரு சம்பவத்தைக் கொண்டு முழுச் சமூகத்தைப் பற்றிய முடிவுக்கு வருவது ஆய்வு முறைக்கு ஏற்றதன்று.' இது உங்கடை வசனம்தானே, மிஸ்? ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளையள் எல்லாரையும் றோட்டிலை விடச் சொல்லுறியளோ?"

"ஊர்ப் பிள்ளையள் சொன்னதெண்டு நீங்கள் வைச்சிருக்கிறது தாய் தேப்பன் எழுதினது!" என்று கத்தினேன். மேசையில் அடித்ததாகவும் பிறகு சொன்னார்கள், எனக்கு ஞாபகமில்லை. போதகர் அந்தப் பிள்ளைக்காக எல்லோரும் செபிப்போம் என்றார். விதியை நிரந்தரமாக்கச் சம்மதிப்பவர்களை அதிபர் கையை உயர்த்தச் சொன்னார். என் கையைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. அந்த வாரமே சந்தியில் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. 'ஆய்வில் நிரூபணம்: எமது பிள்ளைகள் மாலையில் வீட்டில் பாதுகாப்பாக உள்ளனர்.' நான் தினமும் பஸ் ஏறும் இடம் அது.

அதற்கு அடுத்த ஞாயிறு, மத்தியானம் கழிந்து, ஒரு பெண் என் கேற்றைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும். குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், ஆனால் கதிரையில் இருக்கவில்லை.

"மிஸ், என்ரை மகளின்ரை தாளைத் தாங்கோ. ரிப்பெக்ஸ் பூசினது. நான்தான் பூசினனான்."

சம்மதத் தாளின் கீழே என் பெயரும் விலாசமும் இருந்தன. கையெழுத்து வைத்தபோது அதைக் குறித்து வைத்திருந்தாள். அவளே சொல்லத் தொடங்கினாள். சுன்னாகத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை பூட்டி, பஸ் பிடித்து வர எட்டரை ஆகும். கணவன் இறந்த பிறகு அவருடைய தமையனின் வீட்டில்தான் தாயும் மகளும் இருக்கிறார்கள்.

"நான் வந்து கையெழுத்து வைக்கட்டுமெண்டு அவள் புத்தகத்துக்குள்ளைதான் ஒளிச்சு வைச்சவள். என்ன தாளெண்டு அவர் இழுத்து எடுத்திட்டார். முழுக்க வாசிச்சவராம். நான் கடையாலை வரேக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது. பிறகு நான் அழிச்சு எழுதிக் கையெழுத்து வைச்சன். தாளைக் கொண்டு போகாட்டி ரீச்சர் ஏசுவா எண்டு அவள் அழுதவள்."

"பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"தோளிலை வீக்கம். சைக்கிளாலை விழுந்ததெண்டு சொல்லச் சொன்னனான்."

உத்தியோகத்தரிடம் இப்போதே போவோம், நானும் வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"போனால் அண்டைக்கே எங்கடை பெட்டி றோட்டிலை, மிஸ். சோதனைக்கு இன்னும் மூண்டு மாசம்தான். அவள் எழுதட்டும். பிறகு எங்கையெண்டாலும் ஒரு அறை எடுப்பன்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"மன்னிப்பு என்னத்துக்கு? அந்த ஆறு மணிச் சட்டத்தை எடுப்பிச்சு விடுங்கோ. ரியூசன் பழையபடி நடந்தால் காணும்."

"அது என்ரை கையிலை இல்லை. கேட்டுப் பாத்தனான், அவை விடுகினம் இல்லை."

"நீங்கள் எழுதினதெண்டுதானே சந்தியிலை கட்டியிருக்கினம்?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். "அப்ப என்னத்துக்கு என்ரை பிள்ளையிட்டைக் கேட்டனீங்கள்?"

முப்பது வருடமாக ஆராய்ச்சி முறை படிப்பிக்கிற நான் அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

பதிலுக்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னேன். பிள்ளை ஆறு மணிக்கு முன்னர் என் வீட்டுக்கு வரட்டும். நான் ஆங்கிலமும் வரலாறும் சொல்லிக் கொடுக்கிறேன், இரவுச் சாப்பாடும் இங்கேயே. தாய் பஸ்ஸால் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போகலாம். வீட்டுக்குள் ஒரு பிள்ளை படித்தால் எந்த விதியும் முறியாது. நானே வந்து அவளை ஏற்றிவருகிறேன் என்றும் சொன்னேன். அதை மட்டும் அவள் மறுத்தாள். வீடு எது என்றும் சொல்லவில்லை.

"நீங்கள் வந்தால் அவருக்கு விளங்கிப்போடும். கூட்டுப் படிப்பெண்டு சொல்லி அவள் தானாய் வருவாள். ஆரிட்டையும் ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு சொல்லி அனுப்பிறன். நாளைக்கே வருவாள், மிஸ்."

போகும்போது கேற்றடியில் நின்று என் இரண்டு கையையும் பிடித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பல நாட்களுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கியது. மறுநாள் மேசையைத் துடைத்தேன். மங்கலாக எரிந்த லைற்றை மாற்றினேன். சந்திக் கடையில் மீன் வைத்த மாலுபாண் வாங்கினேன், பிறகு பிள்ளை சைவமாக இருக்கலாமே என்று யோசித்துத் திரும்பப் போய் வாழைப்பழமும் இனிப்புப் பணிசும் வாங்கினேன். ஐந்து மணியிலிருந்து கேற்றடியில் நின்றேன். ஐந்தரை ஆயிற்று. பள்ளிக்கூடச் சீருடையோ சைக்கிள் மணியோ தெரிகிறதா என்று ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வேலை ஏதாவது சொல்லி அவர் மறித்திருப்பார், கொஞ்சம் பிந்தி வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு இருபதுக்கு என்னால் நிற்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்கு மிதித்தேன்.

பதாகைக்குக் கீழே தொண்டர்கள் இருவர் நின்றார்கள். இருவரும் பேரப்பிள்ளை கண்டவர்கள், நல்ல மனிதர்கள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்கோ, மிஸ். உங்கடை புண்ணியத்திலை இப்ப ஒரு கரைச்சலும் இல்லை. இண்டைக்கு ஒரேயொரு பிள்ளைதான் அம்பிட்டது. ஆறு அடிச்சு ஐஞ்சு நிமிசமிருக்கும், சைக்கிளிலை தனிய வந்தது. எங்கை பிள்ளை போறாய் எண்டு எத்தினை தரம் கேட்டம், வாயே திறக்கேல்லை. ஒரே அழுகை."

"எங்கை அவள்? எந்த வீடு? எனக்கு வீட்டைக் காட்டுங்கோ!"

நான் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் பதறாமல், ஒரு பயந்த பிள்ளையைத் தேற்றுவது போல் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"ஏன் மிஸ் பதறுறீங்கள்? தனிய விடுவமே? நாங்கள் இரண்டு பேரும் கூடவே போனனாங்கள். அதின்ரை பெரியப்பா கேற்றடியிலை பாத்துக்கொண்டு நிண்டவர். அவரின்ரை கையிலேயே பிடிச்சுக் குடுத்திட்டுத்தான் வந்தனாங்கள்."